முருங்கை இலையிலிருந்து ஒரு ஃபிளாவனாய்டு: மதுரைப் பக்கத்து ஆய்வு மாணவருக்கு

மூலிகை வேதியியலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. செடியைப் பறித்து, மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, நேரே ஜி.சி.-எம்.எஸ். கருவிக்கு (ஆவியாக்கிப் பிரித்து நிறை அளக்கும் கருவி) அனுப்பாதீர்கள். முப்பது நாற்பது பெயர்களோடு அழகான பட்டியல் வரும். அந்தப் பெயர்கள் கணினி தன் நூலகத்தில் தேடிப் பொருத்திக் கொடுத்தவை. அதைவிட முக்கியம், ஜி.சி. கருவி ஆவியாகக்கூடிய பொருளை மட்டுமே பார்க்கும். ஃபிளாவனாய்டுகள், குறிப்பாகச் சர்க்கரை ஒட்டிய ஃபிளாவனாய்டுகள், அப்படியே ஆவியாகாது, சூட்டில் சிதைந்துபோகும். நீங்கள் தேடுகிற பொருள் குப்பியில் நிறைய இருந்தாலும் அந்தப் பட்டியலில் அதன் பெயர் வராது.

அதனால் என் பரிந்துரை ஒரே ஒரு சேர்மம். ஒன்றை எடுத்துச் சுத்தமாகப் பிரியுங்கள். அது இன்னதுதான் என்று குறைந்தது இரண்டு மூன்று தனித்தனி வழிகளில் நிறுவுங்கள். ஒரு எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்கு அது தாராளம். அந்த ஒன்றைச் செய்து முடித்தவருக்கு அடுத்த பத்தைச் செய்யும் கை வந்துவிடும்.

ஃபிளாவனாய்டு என்பது 15 கார்பன் கொண்ட எலும்புக்கூடு. ஏ, பி என்று இரண்டு பென்சீன் வளையங்கள், நடுவே மூன்று கார்பன் பாலம். ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டு; பின்னால் மூன்றாம் இடம், ஐந்தாம் இடம் என்று சொல்வது அதைத்தான். அந்தப் பாலம் எப்படி மூடியிருக்கிறது, எந்தெந்த இடத்தில் ஹைட்ராக்ஸில் இருக்கிறது, எந்த இடத்தில் எந்தச் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஆயிரக்கணக்கான சேர்மங்கள். இந்தத் துறையில் இந்தியாவின் பெரிய பெயர் நம் பக்கத்துக்காரர். குளித்தலையில் 1900-இல் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி, ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் டெல்லியிலும் இருந்து பருத்திப் பூ முதலான எத்தனையோ செடிகளின் நிறமிகளைப் பிரித்து அமைப்பைக் கண்டவர். 1960-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். அவர் தொடங்கிய காலத்தில், காந்தப்புலத்தில் அணுக்களின் இடத்தைக் காட்டும் என்.எம்.ஆர். என்ற கருவியே ஆய்வகங்களில் கிடையாது. திருமங்கலம், பேரையூர் கரிசலில் பருத்திப் பூவைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

செடியைத் தேர்ந்தெடுப்பது

புதியவர்களுக்கு அரிய மலைமூலிகை மேல்தான் கண் போகும். வேண்டாம். நிறையக் கிடைக்கிற, பெயரில் குழப்பமில்லாத, ஏற்கெனவே வேதியியல் நன்றாகத் தெரிந்த செடியில் தொடங்குங்கள். விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் எங்கே பிசகினோம் என்று தெரியும்.

என் தேர்வு முருங்கை இலை. உசிலம்பட்டி, ஆண்டிபட்டியிலிருந்து ஒட்டன்சத்திரம் வரை இதற்குப் பஞ்சமில்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 ரகம் கிடைத்தால் இன்னும் நல்லது. எந்த ரகம் என்று ஆய்வேட்டில் தெளிவாக எழுதலாம். முருங்கை இலையில் இருப்பவை பெரும்பாலும் குவெர்செட்டின், கேம்ஃபெரால் என்ற இரண்டு ஃபிளாவனால்களின் (மூன்றாம் இடத்தில் ஹைட்ராக்ஸில் உள்ள ஃபிளாவனாய்டுகள்) குளுக்கோசைடுகள், அதாவது குளுக்கோஸ் ஒட்டிய வடிவங்கள். அவற்றோடு அசெட்டைல், மலோனைல் ஒட்டிய வடிவங்கள்.

அதற்கும் முன்னால் கை பழக வெங்காயச் சருகு. மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் கேட்டால் பை நிறையத் தருவார்கள். காய்ந்த வெளித்தோலில் குவெர்செட்டின் சர்க்கரை ஒட்டாமல் தனியாகவே நிறைய இருக்கும். சிறு அளவில் பிரித்து டி.எல்.சி. தட்டில் (சிலிக்கா மெல்லியதாகப் பூசிய தட்டு; கரைப்பான் ஏறும்போது சேர்மங்கள் பிரியும்) ஓடவிட்டுப் பார்க்க அதைவிட எளிய பொருள் கிடையாது.

நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்கி ஆய்வைத் தொடங்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கடைக்காரர் மேல் குறை சொல்லவில்லை. மருந்துக்கு அந்தப் பொடி சரியாகவே இருக்கலாம். ஆனால் எந்த ஊர், எந்த மாதம், எந்தப் பாகம், எத்தனை நாள் பழையது என்று உங்களால் எழுத முடியாது. பெயரும் சிக்கல். கரிசலாங்கண்ணி என்று கேட்டால் வெள்ளைப் பூப் பூப்பது ஒரு பேரினம், மஞ்சள் பூப் பூப்பது வேறு பேரினம். கீழாநெல்லிக் கட்டில் அதே பேரினத்தின் இரண்டு மூன்று இனங்கள் கலந்து கிடப்பது சாதாரணம். காய்ந்து பொடியான பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகவே நீங்களே போய்ப் பறியுங்கள். பூவோ காயோ உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாள்களுக்கு நடுவே அழுத்திக் காயவைத்து ஹெர்பேரியம் தாள் தயாரியுங்கள். உங்கள் கல்லூரித் தாவரவியல் துறையிலோ, திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராப்பினாட் ஹெர்பேரியத்திலோ, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் தெற்கு மண்டல மையத்திலோ இனத்தை உறுதி செய்து மாதிரி எண் வாங்குங்கள். இந்த எண் இல்லாத கட்டுரையை நல்ல ஆய்விதழ்கள் ஏற்பதில்லை. பூக்காத காலத்தில் பறித்துவிட்டு அடையாளம் கேட்டுப் போனால் திருப்பி அனுப்புவார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

காட்டுச் செடிதான் வேண்டும் என்றால் ஒரு விஷயம். அழகர்மலை, சிறுமலை ஒதுக்குக்காடுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் இலைகூடப் பறிக்கக் கூடாது. மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே பார்த்துவிட்டு வாருங்கள், பறிக்க வேண்டாம். பல்லுயிர்ச் சட்டம் 2002 பற்றி உங்கள் வழிகாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டுக் குழுவோடு சேர்ந்து செய்வதாக இருந்தால் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுவது நல்லது.

காயவைப்பதும் பொடிப்பதும்

இரண்டு கிலோ பச்சை இலை காய்ந்தால் ஏறக்குறைய அரைக் கிலோ வரும். ஈர்க்கை நீக்கி, கழுவி, நீரை உதறி, நிழலில் மெல்லிய பருத்தித் துணியில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். மதுரைச் சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் போட்டால் ஒரே பகலில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். ஆனால் அது வேண்டாம். முருங்கையின் மலோனைல் குளுக்கோசைடுகள் சூட்டைத் தாங்காது. மலோனைல் பாகம் கழன்றுவிடும். பிறகு உங்களுக்குக் கிடைப்பது செடியில் இருந்ததா, வெயிலில் உண்டானதா என்று சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நேர்மாறான தொல்லை. குவியலாகக் கிடந்தால் ஈரத்தில் இலையின் நொதிகளே சர்க்கரையை வெட்டிவிடும், பூசணமும் பிடிக்கும். அப்போது 40 டிகிரிக்கு மேல் போகாத உலர் அடுப்பைப் பயன்படுத்துங்கள்.

மிக்ஸியில் விட்டுவிட்டு அரையுங்கள், ஜாடி சூடேறக் கூடாது. மாவாக வேண்டாம், ரவைப் பதம் போதும். மாவானால் வடிகட்டும்போது தாள் அடைத்துக்கொள்ளும். இரும்பு உரலைத் தவிருங்கள். ஃபிளாவனால்கள் இரும்போடு சேர்ந்து கருத்த சேர்க்கை உண்டாக்கும்.

சாறு எடுத்தல்

80 விழுக்காடு மெத்தனால், 20 விழுக்காடு நீர். பொடியின் எடைக்கு ஐந்து முதல் பத்து மடங்கு கரைப்பான். கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, மூடி, இருட்டில் ஒரு நாள், இடையிடையே குலுக்குங்கள். வடிகட்டி, அதே பொடியில் புதிய கரைப்பான் ஊற்றி இன்னும் இரண்டு முறை. சாக்ஸ்லெட் கருவி வேகமானது, ஆனால் மணிக்கணக்கில் கொதிக்கவிடும். முருங்கைக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

மெத்தனால் விஷம். ஆவியைச் சுவாசித்தாலும் தோலில் பட்டு ஊறினாலும் கெடுதல். உள்ளே போனால் கண் போகும், உயிர் போகும். ஃபியூம் ஹூட், கையுறை, கண்ணாடி மூன்றும் கட்டாயம். தமிழ்நாட்டில் இதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமக் கட்டுப்பாடு உண்டு, ஆகவே துறை வழியாகவே பெறுங்கள். வீட்டில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

பிளாஸ்டிக் கேனில் சாற்றை ஊற்றி வைக்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ரோட்டரி எவாப்பரேட்டரில் (வெற்றிடத்தில் குடுவையைச் சுழற்றும் கருவி) 40 டிகிரி நீர்த்தொட்டியில் மெத்தனாலை ஆவியாக்கி இறக்குங்கள். பங்குனி தொடங்கி ஆடி வரை நம் மேல்தொட்டித் தண்ணீர் குழாயில் வெந்நீராகத்தான் வரும். அதை ஆவியைக் குளிர்விக்கும் கண்டென்சருக்கு விட்டால் கரைப்பான் குளிராமல் பம்புக்குள் போய்விடும். ஒரு வாளியில் ஐஸ் கட்டி போட்டு, மீன்தொட்டிக்குப் போடுகிற சின்ன மோட்டாரால் நீரைச் சுற்றவிடுங்கள். தண்ணீரும் மிச்சமாகும். கரண்ட் போனால் உடனே வெற்றிட வால்வைத் திறந்துவிட வேண்டும். நீரால் ஓடும் ஆஸ்பிரேட்டராக இருந்தால் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு உங்கள் சாற்றோடு கலந்துவிடும்.

பிரிபுனலில் பங்கிடுதல்

மெத்தனால் போன பிறகு மிஞ்சும் நீர்ச்சாறு கரும்பச்சையாக இருக்கும். பிரிபுனலில் முதலில் ஹெக்சேன். பச்சையமும் கொழுப்பும் மெழுகும் மேலடுக்குக்குப் போய்விடும். ஹெக்சேன் நிறமில்லாமல் வரும்வரை செய்யுங்கள். அடுத்து எத்தில் அசிட்டேட், மூன்று முதல் ஐந்து முறை. சர்க்கரை ஒட்டாத ஃபிளாவனாய்டுகளும் ஒரு சர்க்கரை ஒட்டியவையும் பெரும்பாலும் இதற்கு வரும். கடைசியாக நீர் தெவிட்டிய என்-பியூட்டனால். இரண்டு சர்க்கரை ஒட்டியவை அதில். ஒரு சர்க்கரைச் சேர்மங்களில் ஒரு பங்கும் பியூட்டனாலுக்குப் போகும், அதனால் எதையும் கொட்டிவிடாதீர்கள்.

முருங்கைச் சாறு புனலில் எளிதில் எமல்ஷனாகிவிடும், அதாவது இரண்டு அடுக்கும் பிரியாமல் பால்போல் கலந்து நிற்கும். வேகமாகக் குலுக்காமல் புனலை மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். அப்படியும் பிரியாவிட்டால் கொஞ்சம் உப்புக் கரைசல் சேர்த்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். பியூட்டனாலின் கொதிநிலை 117 டிகிரி, சாமான்யமாக இறங்காது. அவ்வப்போது கொஞ்சம் நீர் சேர்த்து வெற்றிடத்தில் சேர்ந்தே இறக்கினால் வந்துவிடும்.

இருக்கிறதா என்று பார்ப்பது

ஷினோடா சோதனையைப் பாடநூலில் படித்திருப்பீர்கள்: ஆல்கஹால் கரைசலில் மக்னீசியத் துண்டு போட்டு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டால் இளஞ்சிவப்பிலிருந்து சிவப்பு வரை. கட்டாயம் பக்கத்தில் இன்னொரு சோதனைக்குழாய் வையுங்கள், அதில் மக்னீசியம் போடாமல் அமிலம் மட்டும். வெங்காயச் சருகில் ஆந்தோசயனின் என்ற நிறமி இருப்பதால் வெறும் அமிலத்துக்கே சிவந்துவிடும். சால்கோன்கள் என்ற ஃபிளாவனாய்டு வகை இதில் நிறம் தராது என்பதும் நினைவில் இருக்கட்டும். அலுமினியம் குளோரைடு வைத்து மொத்த ஃபிளாவனாய்டு அளவு காண்பதும் உண்டு. அது அளவுக்கான சோதனை மட்டும். எது என்று சொல்லாது.

இதைவிடப் பயனுள்ள ஒரு சிறு வேலை உண்டு, பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். எத்தில் அசிட்டேட் பங்கில் சில மில்லிகிராம் எடுத்து, மெத்தனாலும் நீரும் சமமாகக் கலந்த இரண்டு நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்யுங்கள் (ஆவி குளிர்ந்து திரும்ப விழும்படி கொதிக்கவிடுங்கள்). சர்க்கரை அறுந்து நீரில் நிற்கும். எலும்புக்கூடு எத்தில் அசிட்டேட்டில் வரும். அதை டி.எல்.சி.யில் குவெர்செட்டின், கேம்ஃபெரால் ஸ்டாண்டர்டுகளோடு (ஒப்பிட வாங்கிய தூய பொருள்கள்) பக்கத்தில் வைத்து ஓட்டினால் எந்தக் குடும்பத்தைத் தேடப்போகிறோம் என்று காலம் (column, சிலிக்கா நிரப்பிப் பிரிக்கும் கண்ணாடிக் குழாய்) போடுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

டி.எல்.சி. என்ற அன்றாடத் துணை

இந்த வேலையில் அதிக நேரம் உங்கள் கண்முன் இருக்கப்போவது டி.எல்.சி. தட்டுதான். சிலிக்கா ஜெல் 60 எஃப்254 தட்டு வாங்குங்கள். சர்க்கரை அறுத்த பிறகு பார்க்க டொலுயீன், எத்தில் அசிட்டேட், ஃபார்மிக் அமிலம் 5:4:1 போதும். சர்க்கரையோடு உள்ளவற்றுக்கு எத்தில் அசிட்டேட், ஃபார்மிக் அமிலம், அசிட்டிக் அமிலம், நீர் 100:11:11:26 என்ற பழைய கலவை இன்றும் நன்றாக வேலை செய்கிறது. ஃபார்மிக் அமிலம் இல்லாமல் ஓட்டினால் ஸ்பாட் வால் பிடித்து நீளும். பக்கத்துப் பக்கத்து ஹைட்ராக்ஸில்கள் சிலிக்காவைப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. கலவையை அன்றன்றைக்குத் தயாரியுங்கள்.

தட்டு காய்ந்ததும் முதலில் 254 நானோமீட்டர் விளக்கு, கரும்புள்ளிகளைப் பென்சிலால் குறியுங்கள். பிறகு 366. அடுத்து மெத்தனாலில் ஒரு விழுக்காடு நேச்சுரல் பிராடக்ட் ரீஏஜென்ட் தெளித்து, அதன் மேல் எத்தனாலில் ஐந்து விழுக்காடு பாலிஎத்திலீன் கிளைக்கால் 400 தெளித்து, மறுபடி 366-இல் பாருங்கள். குவெர்செட்டின் வகைகள் ஆரஞ்சாக ஒளிரும். கேம்ஃபெரால் வகைகள் மஞ்சள்பச்சை. பி வளையத்தில் ஒரு ஹைட்ராக்ஸிலா, அடுத்தடுத்து இரண்டா என்பதை நிறமே சொல்லிவிடுகிறது. முருங்கைத் தட்டில் இந்த இரண்டு நிறமும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒளிர்வதைப் பார்த்தவர்கள் இந்தத் துறையை விட்டுப் போவதில்லை.

அந்த ரீஏஜென்ட் வாங்க வழியில்லையா? காகித குரோமட்டோகிராபி செய்யுங்கள். வாட்மேன் எண் 1 தாள். என்-பியூட்டனால், அசிட்டிக் அமிலம், நீர் 4:1:5 குலுக்கி மேலடுக்கு ஒரு திசையில், 15 விழுக்காடு அசிட்டிக் அமிலம் குறுக்குத் திசையில். 366-இல் கருஊதாவாக இருக்கும் ஸ்பாட்டை அமோனியா பாட்டிலின் வாயருகே பிடியுங்கள். மஞ்சளாக மாறினால், மூன்றாம் இடத்தில் சர்க்கரை ஒட்டி, பி வளையத்தின் நான்காம் இடத்தில் ஹைட்ராக்ஸில் திறந்திருக்கும் ஃபிளாவனாலாக இருக்க வாய்ப்பு அதிகம். சில ஃபிளாவோன்களும் இப்படி மாறும். அமோனியா காட்டுவதற்கு முன்பே மஞ்சளாக ஒளிர்ந்தால் மூன்றாம் இடம் திறந்திருக்கிறது. கடைகளில் ரூபாய் நோட்டு சரிபார்க்கிற விளக்கு 365 நானோமீட்டர் என்று போட்டிருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். 395 போட்டது உதவாது. எதுவானாலும் விளக்கை நேரே பார்க்காதீர்கள்.

ஒவ்வொரு தட்டையும் படம் எடுத்து, தேதியும் கலவையும் எழுதி நோட்டில் ஒட்டுங்கள்.

காலம் போடுதல்

இரண்டு கிராம் எத்தில் அசிட்டேட் பங்கு என்றால் அறுபது முதல் நூறு கிராம் சிலிக்கா, 100–200 மெஷ். மாதிரியைக் கொஞ்சம் மெத்தனாலில் கரைத்து, சிலிக்காவில் ஊறவைத்து, உலர்த்திப் பொடியாக மேலே போடுவதே நல்லது. திரவமாக ஊற்றினால் பட்டை கோணலாகிவிடும். குளோரோஃபாரமும் மெத்தனாலும் 95:5-இல் தொடங்கி 70:30 வரை சிறுகச் சிறுகக் கூட்டுங்கள். பதினைந்து இருபது மில்லியாகச் சோதனைக்குழாய்களில் பிடித்து, ஒவ்வொன்றாகவோ ஒன்றுவிட்டு ஒன்றாகவோ டி.எல்.சி. பார்த்து ஒரே மாதிரி உள்ளவற்றைச் சேர்த்துவிடுங்கள். அவசரப்பட்டு மெத்தனாலைத் திடீரென்று கூட்டுவதுதான் பெரும்பாலான காலம்கள் கெட்டுப்போகிற இடம். ஒருமுறை தொடங்கினால் மேல்மட்டத்தில் கரைப்பான் வற்றவே கூடாது. சிலிக்கா காய்ந்து விரிசல் விட்டால் அந்தக் காலம் முடிந்தது.

சிலிக்காவில் முழுச் சுத்தம் வராது. அடுத்து செஃபடெக்ஸ் எல்.எச்.-20. விலை அதிகம், ஆனால் கழுவிக் கழுவி ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தலாம். துறையில் ஒரு காலம் இருந்தால் எல்லா மாணவரும் பகிர்ந்துகொள்ளலாம். இரவே மெத்தனாலில் ஊறவைத்து, மறுநாள் ஒல்லியான நீண்ட காலத்தில் இறக்கி, மெத்தனாலாலேயே மெதுவாக ஓட்டுங்கள். சர்க்கரையுள்ளவை முதலில் வரும், சர்க்கரையில்லாதவை பிறகு. ஒரே மாதிரி இரண்டில் ஹைட்ராக்ஸில் கூடுதலானது பிந்தி வரும், அதாவது கேம்ஃபெரால் முன்னே, குவெர்செட்டின் பின்னே. அறை விளக்கை அணைத்து 366 விளக்கைக் காலத்தின் பக்கவாட்டில் பிடித்தால், வைகையில் அழகரைப் பார்க்க வருகிற கூட்டத்தில் ஊர் ஊராக ஆட்கள் பிரிந்து நிற்பதுபோல, பட்டைகள் தனித்தனியாக இறங்குவது தெரியும்.

சுத்தம் என்று எப்போது சொல்லலாம்? ஒரு கரைப்பானில் ஒரே ஸ்பாட் என்றால் போதாது. மூன்று வெவ்வேறு கலவையிலும் ஒரே ஸ்பாட்டாக நின்று, எச்.பி.எல்.சி.யில் (உயரழுத்தத்தில் கரைப்பானைச் செலுத்திப் பிரிக்கும் கருவி) சி18 என்ற வகைக் காலத்தில் 254, 360 இரண்டு அலைநீளத்திலும் ஒரே பீக்காக வந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

யு.வி. தரும் வாக்குமூலம்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ஒரு சாதாரண யு.வி. கருவியும் குவார்ட்ஸ் கியூவெட்டும் ஐந்து மலிவான ரசாயனங்களும் இருந்தால், என்.எம்.ஆருக்கு வரிசையில் காத்திருக்கும் நாட்களிலேயே அமைப்பின் பாதியைத் தெரிந்துகொள்ளலாம்.

மெத்தனாலில் ஃபிளாவோன், ஃபிளாவனால்களுக்கு இரண்டு பட்டைகள்: 240–280 நானோமீட்டரில் ஏ வளையத்தைச் சார்ந்தது, 300–380-இல் பி வளையத்தைச் சார்ந்தது. நீளமான பட்டை 370 அருகே இருந்தால் மூன்றாம் இட ஹைட்ராக்ஸில் திறந்திருக்கிறது; குவெர்செட்டின் அப்படி. 350-லிருந்து 360-க்குள் இருந்தால் அங்கே சர்க்கரை ஒட்டியிருக்க வாய்ப்பு.

கை பழக ருட்டின் (குவெர்செட்டினின் மூன்றாம் இடத்தில் இரண்டு சர்க்கரை ஒட்டியது) வாங்குங்கள், விலை குறைவு. மெத்தனாலில் அதன் பட்டைகள் 259, 359. சோடியம் மெத்தாக்சைடு மூன்று சொட்டு விட்டால் 359 நகர்ந்து 410-க்குப் போகும், உயரமும் குறையாது. பி வளையத்தின் நான்காம் இட ஹைட்ராக்ஸில் திறந்திருக்கிறது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். பட்டை தேய்ந்து மறைந்தால் மூன்றாம் இடமும் திறந்திருக்கிறது என்று பொருள். குவெர்செட்டின் அப்படித் தேயும், ருட்டின் தேயாது. புதிய கியூவெட்டில் சோடியம் அசிட்டேட் தூள்: 259 நகர்ந்து 271. ஏழாம் இட ஹைட்ராக்ஸில் திறந்திருக்கிறது. அதிலேயே போரிக் அமிலம் சேருங்கள்: 359 என்பது 387 ஆகும், பி வளையத்தில் இரண்டு ஹைட்ராக்ஸில் பக்கத்துப் பக்கத்தில். மறுபடி புதிய கரைசலில் அலுமினியம் குளோரைடு: 433. அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டினால் 402-க்குத் திரும்பும். திரும்பிய அந்த 30 நானோமீட்டர் பக்கத்து ஹைட்ராக்ஸில்களுக்கான இரண்டாம் சாட்சி. திரும்பாமல் நின்ற மிச்சம் ஐந்தாம் இட ஹைட்ராக்ஸிலுக்கானது.

முருங்கையிலிருந்து நீங்கள் பிரித்தது குவெர்செட்டின் 3-குளுக்கோசைடு என்றால் ஏறக்குறைய இதே நடத்தைதான் இருக்கும். கேம்ஃபெரால் 3-குளுக்கோசைடு என்றால் போரிக் அமிலத்துக்கு அசையாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

நிறையும் என்.எம்.ஆரும்

கரைசலில் பிரித்து நிறை அளக்கும் எல்.சி.-எம்.எஸ். கருவியின் எதிர்மின் முறையில் குவெர்செட்டின் 301, கேம்ஃபெரால் 285 என்று வரும். சர்க்கரையோடு இருந்தால் உடையும்போது இழக்கும் எடையைப் பாருங்கள்: 162 என்றால் குளுக்கோஸ், கேலக்டோஸ் போன்ற ஹெக்சோஸ், 146 என்றால் ராம்னோஸ் வகை, 132 பென்டோஸ், 308 என்றால் ருட்டினோஸ் போன்ற ஹெக்சோஸ்-ராம்னோஸ் ஜோடி. 463 வந்து 301 ஆக உடைந்தால் குவெர்செட்டின் ஹெக்சோசைடு. அதற்கு மேல் அந்தக் கருவி சொல்லாது. குளுக்கோசைடுக்கும் கேலக்டோசைடுக்கும் ஒரே நிறை. “463 வந்தது, ஆகவே குவெர்செட்டின் 3-குளுக்கோசைடு” என்று எழுதுவது தவறு, எத்தனை கட்டுரைகளில் பார்த்தாலும் தவறுதான்.

முருங்கையில் இன்னொரு கண்ணி. 505 என்ற பீக் அசெட்டைல் குளுக்கோசைடாகவும் இருக்கலாம். 549 உள்ள மலோனைல் குளுக்கோசைடு கருவிக்குள்ளேயே கார்பன் டை ஆக்சைடு 44-ஐ இழந்ததாகவும் இருக்கலாம். இரண்டும் காலத்தில் ஒரே நேரத்தில் இறங்குகிறதா என்று பாருங்கள். சேர்ந்தே வந்தால் இரண்டாவதுதான் இருக்க அதிக வாய்ப்பு.

என்.எம்.ஆருக்கு ஐந்து முதல் பத்து மில்லிகிராம் சுத்தமான பொருள், டியூட்டீரியம் ஏற்றிய டி.எம்.எஸ்.ஓ.வில். பக்கத்தில் கருவி இல்லையென்றால் சென்னை ஐ.ஐ.டி.யின் எஸ்.ஏ.ஐ.எஃப். என்ற ஆய்வுக் கருவி மையம் வெளி மாதிரிகளைக் கட்டணத்துக்கு எடுத்துக்கொள்கிறது. புரோட்டான் ஸ்பெக்ட்ரத்தில் 12.5 பி.பி.எம். பக்கம் கூர்மையாக ஒன்று தெரிந்தால் ஐந்தாம் இட ஹைட்ராக்ஸில், கார்பனைலோடு கைகோத்திருக்கிறது. 6.2, 6.4-இல் இரண்டு ஹெர்ட்ஸ் பிளவோடு இரண்டு டப்லெட் (இரண்டாகப் பிளந்த பீக்) வந்தால் ஏ வளையத்தின் ஆறாம், எட்டாம் ஹைட்ரஜன்கள். பி வளையத்துக்கு 8.0, 6.9-இல் இரண்டிரண்டு ஹைட்ரஜனாக இரண்டே டப்லெட் என்றால் கேம்ஃபெரால் வகை, 7.5, 6.8 பக்கம் மூன்று ஹைட்ரஜன் என்றால் குவெர்செட்டின் வகை. 5.4 அருகே ஏழு ஹெர்ட்ஸ் பிளவோடு ஒரு டப்லெட் இருந்தால் பீட்டா இணைப்பில் உள்ள சர்க்கரையின் முதல் ஹைட்ரஜன். அது எந்தக் கார்பனோடு பேசுகிறது என்று எச்.எம்.பி.சி. என்ற இருபரிமாண என்.எம்.ஆர். சோதனை காட்டும், 133 பி.பி.எம். பக்கத்துக் கார்பன் என்றால் மூன்றாம் இடம் உறுதி. குளுக்கோஸா கேலக்டோஸா என்பதைக் கார்பன் ஸ்பெக்ட்ரத்தின் சர்க்கரைப் பகுதியும், நீங்கள் அமிலத்தில் அறுத்து நீரில் விட்ட சர்க்கரையைக் காகிதத்தில் ஓட்டி அனிலீன் ஹைட்ரஜன் தாலேட் தெளித்துப் பார்ப்பதும் சேர்ந்து சொல்லும்.

பிளாஸ்டிக் கேன் பற்றிச் சொல்ல வந்தேன். 7.7, 7.5, 4.2 பி.பி.எம்.மில் பீக்குகளும், நேர்மின் எம்.எஸ்.ஸில் 149, 391 என்ற எண்களும் தெரிந்தால் உங்கள் கையில் இருப்பது செடிச் சேர்மமல்ல, தாலேட். பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கிற பொருள் கேனிலிருந்தும் ட்யூபிலிருந்தும் கரைப்பானில் கசிந்து வந்தது. இதை மூலிகையின் புதிய மருந்துப் பொருள் என்று வெளியிட்ட கட்டுரைகள் உலகில் நிறைய உண்டு. 1.25, 0.87-இல் வருவது குழாய்களுக்குத் தடவிய கிரீஸ். கண்ணாடியிலேயே எல்லாவற்றையும் செய்யுங்கள். கரைப்பானை ஒருமுறை வாலை வடித்தே பயன்படுத்துங்கள். மாதிரி இல்லாமல் வெறும் கரைப்பானை அதே படிகளில் ஓட்டி அதற்கும் ஒரு ஸ்பெக்ட்ரம் எடுத்துவையுங்கள்.

எழுதும்போது

ஸ்டாண்டர்டு வாங்கி ஒரே கருவியில் ஒரே நாளில் ஓட்டி, வரும் நேரமும் நிறையும் உடையும் விதமும் பொருந்தினாலோ, முழு என்.எம்.ஆர். வைத்து அமைப்பை நிறுவினாலோ மட்டும் “அடையாளம் காணப்பட்டது” என்று எழுதுங்கள். வெறும் நிறையும் இலக்கிய ஒப்பீடும்தான் இருக்கிறது என்றால் “தற்காலிக அடையாளம்” என்று எழுதுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை, வைவாவில் உங்களைக் காப்பாற்றும். சேர்மத்தைப் பிரித்ததோடு நிறுத்துங்கள். சர்க்கரை நோய்க்கு நல்லது, புற்றுநோயைக் குணமாக்கும் என்றெல்லாம் இதிலிருந்து எழுத வழியில்லை; அது வேறு ஆய்வு, வேறு ஆட்கள், வேறு அனுமதிகள்.

மிஞ்சிய சுத்தப் பொருளைப் பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, கரைப்பான் துளியும் இல்லாமல் உலர்த்தி, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். லேபிளில் சேர்மப் பெயர், எடை, தேதி, ஹெர்பேரியம் எண், நோட்டுப் பக்க எண். பால்பாயிண்ட் மை மெத்தனால் பட்டால் அழியும், பென்சிலால் எழுதி மேலே ஒளிபுகு டேப் ஒட்டுங்கள். அந்தக் குப்பி அடுத்த ஆண்டு உங்கள் ஜூனியருக்கு ஸ்டாண்டர்டாக ஆகும். குளோரோஃபாரம் கலந்த கழிவை ஒரு பாட்டிலிலும் மற்றக் கரைப்பான்களை வேறொரு பாட்டிலிலும் சேர்த்து, பெயரெழுதி, கல்லூரியின் கழிவு அகற்றும் ஏற்பாட்டிடம் கொடுங்கள். ஒரு சொட்டுக்கூட சிங்கில் ஊற்றக் கூடாது.